பேட்டரி மாற்ற வருகிறவர்களுக்கு நான் சொல்வது

செங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி உடைந்து வருகிற போன்களுக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு அதிகம் வருவது, "சார்ஜ் நிற்கவில்லை, பேட்டரியை மாற்றிக் கொடுங்கள்" என்ற கேஸ்தான். யாரும் நோயைச் சொல்வதில்லை, மருந்தையே சொல்லிவிடுகிறார்கள். கேட்டபடி மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கு எனக்குக் காசு. ஆனால் நன்றாக இருக்கிற பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால், ஒரு வாரம் கழித்து அதே ஆள் அதே புகாரோடு வருவார். அதற்குள் நாலு பேரிடம் "டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான்" என்றும் சொல்லியிருப்பார். ஆகவே சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் மாற்றுவதில்லை. சோதித்தால், இந்தக் கேஸ்களில் கணிசமானவற்றில் பேட்டரி மேல் குற்றமே இருப்பதில்லை. திரை அணைந்த பிறகும் உள்ளே ஏதோ ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கிறது.

சோதனை பெரிய வித்தை இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இணைப்பில் டிசி பவர் சப்ளையின் கேபிளை மாட்டி 4 வோல்ட் வைப்பேன். போன் அந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைப் பவர் சப்ளையின் முகப்பில் சிவப்பு எண்களாகப் பார்க்கலாம். ஆன் செய்யும்போது எண் 500, 800 மில்லியாம்பியர் என்று தாவும். திரை எரிந்துகொண்டு சும்மா இருந்தால் 200க்கும் 400க்கும் நடுவில் ஆடும். திரையை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் ஒழுங்கான போன் 10க்குப் பக்கத்தில் இறங்கிப் படுத்துவிடும். இடையிடையே ஒரு முறை 80, 100 என்று தலைதூக்கிவிட்டு மறுபடி படுக்கும். அது போன் கோபுரத்தோடு பேசிக்கொள்கிற அசைவு. அது இல்லாவிட்டால் நமக்கு அழைப்பு வராது.

சார்ஜ் நிற்காத போனில் அந்த எண் படுப்பதே இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கொண்டுவந்த போன் நன்றாக நினைவிருக்கிறது. "நான் இதைத் தொடுவதே இல்லை தம்பி, சட்டைப் பையில்தான் கிடக்கிறது. மறுநாள் மத்தியானத்துக்குள் செத்துவிடுகிறது" என்றார். மாட்டிப் பார்த்தேன். திரை கறுப்பு. மேசையில் அசையாமல் கிடக்கிறது. எண் மட்டும் 140, 210, 95, 180 என்று ஓடிக்கொண்டிருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே யார் தம்பி இருக்கிறது?" என்று கேட்டார். இதைவிடச் சரியான கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை.

கணக்கைப் பாருங்கள். இன்றைய போன்களில் 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி சாதாரணம். தூங்கும் போன் சராசரியாக 20 மில்லியாம்பியர் இழுத்தால், இரவு எட்டு மணி நேரத்தில் 160 போகும். அது மொத்தத்தில் 3 சதவீதம். தபால்காரர் போன்போல சராசரி 150 என்றால் அதே எட்டு மணி நேரத்தில் 1200. கால் பங்கு பேட்டரி, யாரும் எதையும் பார்க்காமலே காலி. மீதியைப் பகலில் செலவழித்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு வருகிறார்கள்.

உள்ளே இருந்தது யார் என்று தேடினேன். போனை "சுத்தம்" செய்து "வேகம்" கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலிகள் இரண்டு மூன்று. உங்கள் போன் ஆபத்தில் இருக்கிறது என்று திடீரென்று முளைக்கிற விளம்பரத்தைத் தொட்டு இறக்கியவை. இந்த வகைச் செயலிகள் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மற்ற செயலிகளைக் கொல்வதுதான் இவற்றின் வேலை. கொல்லப்பட்டவை தாமாகவே மறுபடி எழும்; இது மறுபடி கொல்லும். ஒரு செயலியை அடியிலிருந்து எழுப்புவதற்குச் செலவாகும் மின்சாரம், நினைவகத்தில் சும்மா கிடந்ததைத் தொடர்வதற்கு ஆவதைவிட அதிகம். இதற்கு நடுவே இது தன் விளம்பரங்களையும் இறக்கிக்கொண்டிருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க வந்ததுதான் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி மாட்டியபோது எண் 9இல் வந்து உட்கார்ந்தது. "இவ்வளவுதானா?" என்றார் அவர். ஏமாற்றமாக இருந்திருக்கும்போல.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையை வரவழைத்து ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிடுவது. மேசை முன்னால் நின்று என்னிடம் பேசிக்கொண்டே அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விரல் தானாகப் போகிறது. அந்த வரிசையில் தெரிவதெல்லாம் ஓடுகிறது என்று பொருள் இல்லை. நீங்கள் கடைசியாகப் பார்த்த பக்கத்தின் படம் அது, அவ்வளவே. பெரும்பாலான செயலிகள் அங்கே உறைந்து கிடக்கின்றன. இடம் போதாவிட்டால் இயங்குதளமே எடுத்துவிடும். 2016இல் ஐபோன் பயனர் ஒருவர், பேட்டரிக்காகச் செயலிகளை அடிக்கடி மூடவேண்டுமா, நீங்கள் மூடுகிறீர்களா என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் எழுதியவர் மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி. இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்பதே பதில். ஆண்ட்ராய்டுக்கும் இது பொருந்தும். தொங்கிப்போன செயலியை மூடலாம். மற்றவற்றைத் தள்ளித் தள்ளி விரல்தான் தேயும்.

அப்படியானால் எது தின்கிறது? திரை அணைந்த பிறகு போனை எழுப்பும் உரிமை பெற்ற செயலிகள். ஆண்ட்ராய்டில் வேக்லாக் என்று ஒன்று உண்டு. "என் வேலை முடியும்வரை தூங்கிவிடாதே" என்று ஒரு செயலி போனைப் பிடித்து வைத்துக்கொள்வது. பாட்டுக் கேட்கவும் வழிகாட்டும் வரைபடத்துக்கும் அது தேவைதான். வேலை முடிந்த பிறகும் பிடியை விடாத செயலிதான் வில்லன். இது சின்னக் கம்பெனிகளின் கோளாறு மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2015இல் ஐபோனுக்கான ஃபேஸ்புக் செயலி இப்படித்தான் பேட்டரியைக் கரைத்தது. காணொளி பார்த்துவிட்டு வெளியேறிய பிறகும் ஒலி இணைப்பு சத்தமில்லாமல் திறந்தே கிடந்தது. வலைத்தொடர்பு நிரலிலும் ஒரு பகுதி ஓயாமல் சுழன்றது. அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. பயனர் மேல் அதில் எந்தத் தவறும் இல்லை.

இயங்குதளங்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் டோஸ் என்ற ஏற்பாடு வந்தது. போன் அசையாமல், திரை அணைந்து கிடந்தால் செயலிகளின் வலைத்தொடர்பை நிறுத்தி வைத்து, இடைவெளி விட்டுச் சிறிது நேரம் மட்டும் எல்லோரையும் மொத்தமாக வேலை செய்ய விடும். 2018இன் ஆண்ட்ராய்டு 9, நீங்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்து வகை பிரித்து, அரிதாகத் திறப்பவற்றுக்குச் சலுகையைக் குறைத்தது. திரை அணைந்த நிலையில் 24 மணி நேரத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் காரணமின்றி வேக்லாக் பிடிக்கும் செயலிகளைப் பரிந்துரையிலிருந்து ஒதுக்கவும், அவற்றின் பிளே ஸ்டோர் பக்கத்தில் எச்சரிக்கை போடவும் 2026 மார்ச் முதல் வழி செய்யப்போவதாக 2025இல் கூகுள் அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு தப்பித்து ஓடுகிறவை பெரும்பாலும் நாமே அனுமதி கொடுத்தவை. நிறுவியதும் வருகிற கேள்விக்கெல்லாம் "அனுமதி" "அனுமதி" என்று தட்டிக்கொண்டே போகிறோமே, அங்கேதான் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது: சிக்னல். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை, ஆரியங்காவு என்று மலைக்குள் போனால் சிக்னல் இழுத்து இழுத்துத்தான் வரும். புனலூர் போகும் ரயிலில் ஏறியவர்கள் கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுத்துவிட்டு, இறங்கும்போது சார்ஜைப் பார்த்துத் திகைப்பார்கள். எடுத்த படத்தால் போனது கொஞ்சம்தான். கோபுரம் தூரமாகப் போகப்போகப் போனின் ரேடியோ கூடுதல் சக்தியோடு கத்தவேண்டியிருக்கிறது. சிக்னல் அறவே போனால் விடாமல் தேடுகிறது. பின்னணிச் செயலிகள் அந்த நேரத்திலும் தங்கள் தகவலை அனுப்பப் பார்க்கும், தோற்கும், மறுபடி பார்க்கும். பேசவேண்டிய அவசியம் இல்லையென்றால் மலைப் பகுதியில் ஏரோபிளேன் மோட் போட்டுவிடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். கேட்கிறவர்கள் குறைவு. அழைப்பு வந்துவிடுமோ என்ற பயம்.

நல்ல சிக்னலிலும் ரேடியோ விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொபைல் டேட்டாவில் ஒரு செயலி சின்னஞ்சிறு தகவலை அனுப்பினாலும், அனுப்பி முடித்த உடனே ரேடியோ அணைவதில்லை. இன்னும் ஏதாவது வருமோ என்று சில வினாடிகள், நெட்வொர்க்கைப் பொறுத்துப் பத்து வினாடி வரைகூட, விழித்தே காத்திருக்கும். ஒரு பாக்கெட் பால் வாங்க லாரியைக் கிளப்பிக்கொண்டு போவதுபோலத்தான். நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு துளித் தகவல் போனால், ஒரே மூச்சில் பெரிய கோப்பை இறக்குவதைவிட அதிகம் செலவாகும். அதனால்தான் "அந்தச் செயலி ரொம்ப டேட்டா எடுப்பதில்லையே" என்ற வாதம் என்னிடம் எடுபடாது. எவ்வளவு எடுத்தது என்பதைவிட எத்தனை முறை எழுந்தது என்பதுதான் கேள்வி.

லாரி என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லையோர ஊர் என்பதால் ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஒருவர் போனில் சரக்கு ஏற்றிவிட்டவர் நிறுவச் சொன்ன கண்காணிப்புச் செயலி இருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று அங்கிருந்து பார்ப்பார்களாம். இருப்பிட அனுமதி "எப்போதும்" என்று இருந்தது. வண்டி ஓடும்போது அது நியாயம்தான். சரக்கை இறக்கிவிட்டு வீட்டில் மூன்று நாள் ஓய்வெடுக்கும்போதும் அது ஜிபிஎஸ்ஸைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது. "நீக்கினால் அடுத்த லோடு தரமாட்டார்கள் அண்ணே" என்றார். நீக்கவேண்டாம், வண்டியை விட்டு இறங்கியதும் அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், ஏறும்போது திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி இருக்கிறது. அவருக்கு வேறொரு பிரச்சினையும் இருந்தது. போனைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் படும்படி மாட்டி, வரைபடத்தை ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டே போகிறார். எந்தச் செயலியைவிடவும் அந்தச் சூடு பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். தன் போன்களைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது; மே மாதத்து லாரி கேபினில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஏசி துவாரத்துக்கு முன்னால் மாட்டலாம். ஏசி இல்லாத வண்டியில் நிழல் விழும் பக்கமாவது மாட்டலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் போன் வேறு மாதிரி. திருட்டுச் செயலி எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுக்கள்தான். வகுப்புக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, குடும்பத்தில் நாலைந்து. காலை வணக்கப் படம், பொன்மொழிக் காணொளி எல்லாம் தானாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு செய்திக்கும் திரை எரிந்து, ஒலி எழும்பி, அதிர்ந்தது. நடு இரவில் அத்தனை காணொளிகளையும் சேர்த்து பேக்கப் வேறு. "டீச்சர், எதையும் நீக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மொபைல் டேட்டாவில் படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். பேக்கப்பில் காணொளியைச் சேர்க்காதே, வைஃபையில் மட்டும் செய் என்று வைத்தேன். மூன்று குழுக்களைத் தவிர மற்றதை மியூட் செய்யச் சொன்னேன். எந்தக் குழுவை மியூட் செய்வது என்பதில்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சங்கக் குழுவை விட்டுவிட்டார். தலைமையாசிரியர் குழுவை மியூட் செய்துவிட்டார். அது அவருடைய முடிவு.

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். பின்னணியில் ஓடுவதையெல்லாம் அடக்கிவிட்டால் நல்லது என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது ஆபத்து. மலையடிவார ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில் சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். அது புளூடூத் வழியாகப் போனுக்கு அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினால் போன் அலறவேண்டும். ஓர் இரவு அலறவில்லை. தாய்க்குத் தற்செயலாக விழிப்பு வந்து பார்த்தால் பையன் வியர்த்துக் கிடந்திருக்கிறான். அமைப்புகளைத் திறந்தேன். அந்தச் செயலியைப் போன் உறங்கும் பட்டியலில் தள்ளி வைத்திருந்தது. அந்தச் செயலியை யாரும் அடிக்கடி திறந்து பார்ப்பதில்லை அல்லவா, ஆகவே தேவையற்றது என்று போனே தீர்மானித்துவிட்டது.

அதை வெளியே எடுத்து, கட்டுப்பாடில்லாத வகையில் வைத்து, தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுத்து, "தொந்தரவு செய்யாதே" நிலையிலும் ஒலிக்கும்படி மாற்றினேன். தினமும் நாலைந்து சதவீதம் சார்ஜ் கூடுதலாகப் போகும் என்றேன். "போனால் போகட்டும் தம்பி, இது அடித்தால் போதும்" என்றார். இப்படியான செயலிகள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகும் அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவேண்டும். சில போன்களில் அது பழையபடி திரும்பிவிடுகிறது.

"வாட்ஸ்அப்பைத் திறந்தால்தான் செய்தி வருகிறது", "அலாரம் அடிக்கவில்லை" என்று வருகிற புகார்களுக்கும் அநேகமாக இதே மூலம்தான். யாரோ பேட்டரிக்காக எதையோ கட்டிப்போட்டிருப்பார்கள். உண்மையில் செய்தி அறிவிப்புகளுக்கு அவ்வளவு செலவு ஆவதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட செயலிகள் ஆளுக்கொரு இணைப்பைத் திறந்து வைத்திருப்பதில்லை. ஆண்ட்ராய்டில் கூகுளின் பொது இணைப்பு வழியாகவும் ஐபோனில் ஆப்பிளின் பொது இணைப்பு வழியாகவும் எல்லா அறிவிப்புகளும் வருகின்றன. வங்கிச் செய்தியையும் அம்மாவின் செய்தியையும் நிறுத்தி மிச்சம் பிடிப்பது ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு முறை பொருள் வாங்கிவிட்டு மறந்துபோன கடையின் செயலி தினமும் தள்ளுபடி அறிவிப்பு அனுப்புகிறதே, அதை நீக்குங்கள்.

வீட்டில் பவர் சப்ளை இருக்காது. ஆனால் இரவு இருக்கிறது. படுக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டு, சார்ஜரில் போடாமல் வையுங்கள். காலையில் 2 முதல் 5 சதவீதம் குறைந்திருந்தால் கவலை இல்லை. 10ஐத் தாண்டினால் மறுநாள் இரவு ஏரோபிளேன் மோடில் வையுங்கள். அப்போதும் அதே அளவு குறைந்தால் பேட்டரியிலோ போர்டிலோ கோளாறு இருக்கலாம், கடைக்குக் கொண்டுவாருங்கள். 1, 2 சதவீதத்தில் நின்றுவிட்டால் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது இரவு ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். குறைவு மறுபடி எகிறினால் செயலிதான் குற்றவாளி. எகிறாவிட்டால் உங்கள் வீட்டுச் சிக்னல். சிக்னல் என்று தெரிந்தால், வீட்டில் இருக்கும்வரை மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையை மட்டும் வைத்துக்கொள்வது ஓரளவு உதவும். ஏரோபிளேன் மோடில் அழைப்பு வராது என்பதால் வீட்டில் இன்னொரு போன் இருக்கும் இரவாகப் பார்த்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

செயலிதான் என்று தெரிந்த பிறகு அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்து பயன்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று. ஒரு செயலிக்கு நேரே 40 சதவீதம் என்று இருந்தால், அது மொத்த பேட்டரியில் 40 என்று எண்ணிப் பதறுகிறார்கள். செலவானதில் அதன் பங்கு 40 என்றுதான் பெரும்பாலான போன்களில் பொருள். ஆகவே அந்த எண்ணைவிட, அதைத் தொட்டால் வருகிற நேரக் கணக்கைப் பாருங்கள்: திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம். திரையில் இரண்டு நிமிடம், பின்னணியில் ஐந்து மணி நேரம் என்று இருப்பது ஒரு பாட்டுச் செயலியாக இருந்தால் சரி. டார்ச் லைட் செயலியாக இருந்தால் அந்த நிமிடமே நீக்குங்கள்.

பட்டியலில் நீங்கள் நிறுவியதாக நினைவே இல்லாத பெயரோ, பெயரும் படமும் இல்லாத ஒன்றோ தெரிந்தால் அது பேட்டரி விவகாரம் அல்ல. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, தொட்டு நிறுவிக்கொண்டு, போன் சூடாகிறது என்று வந்தவர்கள் உண்டு. அது குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கடவு எண்ணைக் களவாடும் வகை. உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். என் கடைக்கு அதற்குப் பிறகு வரலாம்.

கட்டுப்படுத்தவேண்டிய செயலி எதுவென்று தெரிந்துவிட்டால் மீதி எளிது. அதன் தகவல் பக்கத்தில் பேட்டரி என்பதைத் தொட்டால் புதிய ஆண்ட்ராய்டு போன்களில் அன்ரெஸ்டிரிக்டட் (கட்டுப்பாடில்லாதது), ஆப்டிமைஸ்டு (போனே பார்த்துக்கொள்வது), ரெஸ்டிரிக்டட் (கட்டுப்படுத்தியது) என்ற வகைகள் இருக்கும். சந்தேகப்பட்டதை ரெஸ்டிரிக்டட் ஆக்குங்கள், உயிர் காக்கிறதை அன்ரெஸ்டிரிக்டட் ஆக்குங்கள், மீதியைத் தொடாமல் விடுங்கள். சாம்சங்கில் உறங்கும் செயலிகள், ஆழ்ந்து உறங்கும் செயலிகள் என்று தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. ரெட்மியில் ஆட்டோஸ்டார்ட், ஓப்போ, ரியல்மியில் ஆட்டோ லாஞ்ச் என்று தேடவேண்டும். ஐபோனில் ஜெனரல் பகுதிக்குள் பேக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ் இருக்கிறது. எல்லா போனிலும் இருப்பிட அனுமதிப் பட்டியலை ஒரு தடவை திறந்து, "எப்போதும்" என்று இருப்பவற்றைப் படியுங்கள். மளிகைக் கடைச் செயலிக்கு நீங்கள் இரவு இரண்டு மணிக்கு எங்கே படுத்திருக்கிறீர்கள் என்று தெரியவேண்டிய தேவை என்ன?

ஒரு கல்லூரிப் பையன் இதையெல்லாம் செய்துவிட்டு, அப்படியும் சார்ஜ் நிற்கவில்லை என்று வந்தான். பட்டியலைத் திறந்தேன். ரீல்ஸ், திரையில், ஏழு மணி நேரம். பின்னணி கிட்டத்தட்ட பூஜ்யம். அவன் போன் மிக ஆரோக்கியமாக இருந்தது. ஆரோக்கியமான போனில் திரை எரியும் செலவின் முன்னால் பின்னணிச் செலவு தூசு. அதற்கு எந்த அமைப்பிலும் மருந்து இல்லை. பவர் பேங்க் விற்கிறேன் என்றேன், வாங்கிக்கொண்டு போனான்.

நிஜமாகவே பேட்டரி போன போன்களும் வருகின்றன, மறுக்கவில்லை. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்து திடீரென்று அணைந்துவிடும், சார்ஜில் போட்டதும் மறுபடி 25 காட்டும். பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கும். உப்பிய பேட்டரி என்றால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே கொண்டுவாருங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். லித்தியம் அயனி பேட்டரிக்கு ஆயுள் உண்டு. ஐபோன் 14 வரைக்கும் 500 முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படியும், ஐபோன் 15 முதல் 1000 சுற்றுக்கும் வடிவமைத்ததாக ஆப்பிளே சொல்கிறது. மூன்று வருடம் உழைத்த பேட்டரியைக் குற்றம் சொல்லவும் கூடாது. மாற்றினால் போன் புதிதுபோல இருக்கும். அதைச் செய்ய எனக்கும் சந்தோஷம்தான்.

மாற்றவே கூடாத ஒரு நேரம் மட்டும் உண்டு. சிஸ்டம் அப்டேட் ஆன அடுத்த சில நாட்கள். அப்போது போன் தன் செயலிகளையெல்லாம் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மறுபடி தயார்ப்படுத்தும், புகைப்படங்களை மறுபடி அலசும். சூடாகும், சார்ஜ் கரையும். பெரிய அப்டேட் வந்த வாரத்தில் கடையில் கூட்டம் அலைமோதும். எல்லோரும் அப்டேட்டைத் திட்டிக்கொண்டே பேட்டரி விலை கேட்பார்கள். அடுத்த வாரம் வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் பிரித்துப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். அடுத்த வாரம் அவர்களில் பெரும்பாலோர் வருவதில்லை.